யாழ்ப்பாணத்தில் ஒரு பூட்டியைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருத்தித்துறை, சாவகச்சேரி, சங்கானை, மானிப்பாய் போன்ற சிறு பட்டினங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 1800களில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வழியைத் தேடுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறது. முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாக விளங்கும்.

1. பூட்டியின்ர பேர் மட்டும்தான் தெரியும். எங்க இருந்து தொடங்கிறது?

பூட்டியிலிருந்து தொடங்க வேண்டாம், உங்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிறப்புப் பத்திரம், அம்மாவினது, அம்மம்மாவினது என்று ஒவ்வொரு படியாக மேலே போங்கள். ஒரு படி உறுதியாகும் முன் அடுத்ததற்குத் தாவினால், வேறொரு வீட்டுச் சின்னாச்சியை உங்கள் பூட்டியாக்கி வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை வரைந்துவிடுவீர்கள். இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

கையில் இருக்கவேண்டியவை நான்கு: அவருடைய பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், ஊர், குடியிருந்த காணியின் பெயர். நாலாவதைப் பலர் கணக்கிலெடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வளவுக்கும் பெயர் உண்டு. ஆலடி வளவு, பனையடைப்பு என்று வீட்டிலே பேச்சுவாக்கில் சொல்லும் அந்தப் பெயர்தான் பின்னால் காணிக் கந்தோரில் (காணிப் பதிவகத்தில்) உங்களுக்குத் திறப்பு.

2. பிறப்புப் பத்திரம் எடுத்தால் எல்லாம் வந்திடும்தானே?

1800களில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் வராது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867இல் வந்தது. பதிவு கட்டாயமானது 1897இல். இடைப்பட்ட முப்பது ஆண்டில் பிறந்த பெண்பிள்ளைக்குப் பதிவு இருந்தால் அது அதிர்ஷ்டம். 1867க்கு முன் பிறந்தவருக்கு அரச பதிவைத் தேடி அலைவது வீண்.

ஆனால் அவருடைய பிள்ளைகளின் பதிவை எடுக்கலாம். பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரை மணமாகு முன் இருந்தபடி எழுதுவார்கள். ஆகவே 1898இல் பிறந்த கடைசிப் பிள்ளையின் பத்திரம் பூட்டியின் தகப்பன் பெயரைத் தந்துவிடும். எல்லாப் பிள்ளைகளினதையும் எடுங்கள்; ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும். அறிவித்தவர் யார் என்ற கூட்டையும் பாருங்கள். அங்கே தாய்மாமனோ அம்மம்மாவோ அகப்படுவது உண்டு. பூட்டி 1900களில் இறந்திருந்தால் இறப்புப் பதிவையும் கேளுங்கள். அதில் வயதை மட்டும் நம்பாதீர்கள். 70, 75, 80 என்று முழு எண்ணாக வந்தால் அது யாரோ மதித்துச் சொன்னது.

3. கலியாணப் பதிவாவது இருக்காதா?

சைவக் குடும்பமென்றால் அநேகமாக இல்லை. தாலி கட்டிச் சடங்காகச் செய்த கலியாணம் பதிவு இல்லாமலே செல்லுபடியானது. ‘எழுத்து’ என்ற கலியாணப் பதிவு வழக்கமானது பிற்காலத்தில். கலியாணத்துக்குச் சாட்சியாக நின்ற எழுத்து வேறொன்று இருக்கிறது: சீதன உறுதி, அதாவது பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து எழுதிய பத்திரம்.

4. உறுதிக்கும் பூட்டிக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில பொம்பிளையளின்ர பேரில காணி இருந்ததா?

இருந்தது, அதுவும் ஆணிடமிருந்து தனித்து. தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதன் பழைய ஒழுங்குப்படி சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். முதுசம் தகப்பன் வழியே ஆண்பிள்ளைகளுக்கும், தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போகும். தம்பதியர் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். நடைமுறையில் இந்தப் பிரிப்பு பல விதமாகக் கலந்தது, ஆனாலும் தாய்க்குக் கொடுத்த வளவு மகளுக்கும், மகளிடமிருந்து பேர்த்திக்கும் போகும் வழக்கம் நீடித்து நின்றது. பல இடங்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குக் குடிபோவார். இன்றைக்கு நீங்கள் ‘எங்கட அம்மம்மா வீடு’ என்று சொல்லும் வளவு, அம்மம்மாவின் அம்மம்மாவுக்கும் சீதனமாக வந்ததாயிருக்கலாம்.

ஆகவே பெண் வழியைத் தேடுபவருக்கு யாழ்ப்பாணம் கைகொடுக்கும் இடம். ஆளைத் தேடிக் களைத்தால் காணியைத் தேடுங்கள். ஊர் முழுக்க ஆண்களின் பெயரால் பரம்பரை சொல்லிக்கொண்டிருக்க, காணிப் பதிவு பெண்களின் பெயரைத் தாய், மகள் என்று கோத்து வைத்திருக்கும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்படவேண்டும் என்றானது. அதனால் 1840களுக்குப் பிந்திய தேடலில் வெற்றி வாய்ப்பு மிக அதிகம்.

5. பழைய உறுதி ஒண்டு கையில இருக்கு. அதில எதைப் பார்க்கிறது?

முதலில் யார் யாருக்கு எழுதியது. சீதன உறுதியில் கொடுப்பவர்களாகத் தாய் தகப்பன் இருவரும், தகப்பன் இல்லையென்றால் தமையன்மாரும் வருவார்கள். பெறுபவர் மகள், மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் கூடவே இருக்கும். ஒரே தாளில் இரண்டு குடும்பம். நகையும் காசும் பட்டியலாக இருந்தால் அதையும் பிரதி பண்ணுங்கள்.

அடுத்தது மூலம். ‘இக்காணி எனக்கு இன்ன ஆண்டு இன்ன திகதி இன்ன நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி உரித்தாயும் ஆட்சியாயும்’ என்று ஒரு நீண்ட வாக்கியம் வரும். பலர் இதைச் சட்டப் புலம்பல் என்று தாண்டிப் போவார்கள். உண்மையில் இதுதான் முந்திய தலைமுறைக்குப் போகும் படி. ஆண்டு, நொத்தாரிசு பெயர், உறுதி இலக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தால் அடுத்த உறுதியைக் கண்டுபிடிக்கலாம். ‘முதுசம்’, ‘நீண்டகால ஆட்சி’ என்று மட்டும் இருந்தால் அங்கே எழுத்து அறுகிறது. 15ஆம் கேள்விக்குப் போங்கள்.

மூன்றாவது எல்லைகள். ‘கிழக்கு வள்ளிப்பிள்ளை, வடக்கு கந்தர் பெண் சின்னாச்சி, மேற்கு ஒழுங்கை, தெற்கு உரித்தாளிகள்’ என்று வாசித்தால், அந்த வள்ளிப்பிள்ளையும் சின்னாச்சியும் வெறும் அயலவர் அல்லர் என்று முதலில் சந்தேகியுங்கள். ஒரு பெரிய வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சகோதரிகள்தான் ஒருவருக்கொருவர் எல்லையாவார்கள். காணிப் பெயரும் ஒன்றாக இருந்து, பரப்பும் சம பங்காக இருந்தால் ஏறக்குறைய நிச்சயம். அளவு பரப்பு அல்லது லாச்சம் கணக்கில் இருக்கும். தோட்டக்காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், வயலில் 24.

கடைசியாக நொத்தாரிசின் அத்தாட்சிப் பந்தி. சாட்சிகள் இருவரும் பெரும்பாலும் உறவுக்காரர். பெண் கையெழுத்து வைத்தாரா, கைநாட்டா, கீறலா என்பதும் இங்கே தெரியும். 1850களில் தன் பெயரைத் தானே எழுதிய பெண் என்றால் மிசன் பள்ளிக்கூடத்துப் பக்கமும் தேடிப்பாருங்கள்.

6. சீதன உறுதித் திகதியைக் கலியாணத் திகதி எண்டு எடுக்கலாமா?

ஏறக்குறைய. கலியாணத்தை ஒட்டி எழுதுவதே வழக்கம். ஆனால் வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டுப் பல ஆண்டு கழித்து எழுதியதும் உண்டு. ‘முன்னரே வாக்களித்தபடி’ என்ற கருத்தில் ஏதும் சொல் வந்தால், அல்லது மூத்த பிள்ளையின் பிறப்பு உறுதிக்கு முந்தியதாக இருந்தால், திகதியைக் கலியாணமென்று எழுதாதீர்கள்.

7. வீட்டில ஒரு உறுதியும் இல்லை. 95 இடப்பெயர்வில எல்லாம் போட்டுது. இனி?

நொத்தாரிசு உறுதி மூன்று பிரதியாக இருக்கும். மூலப் பிரதி உடையவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவையில், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. உங்கள் வீட்டில் அழிந்தது ஒரு பிரதிதான். நொத்தாரிசு இறந்தால் அவருடைய கோவையும் பதிவகத்தில் சேரவேண்டும் என்பது விதி.

காணிப் பதிவகத்தில் இரண்டு வழி. ஒன்று, காணியால் தேடுவது: இன்றைய உறுதியின் பின்பக்கத்தில் பதிவு முத்திரையுடன் பிரிவு, தொகுதி, பக்க எண் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். அதன் தலைப்பில் இந்தக் காணி முன்பு எந்தத் தொகுதி, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதியிருக்கும். அப்படியே பின்னோக்கிப் போகலாம். இடையில் காணி துண்டுபட்டிருந்தால் பக்கமும் பிரியும், அப்போது காணிப் பெயரையும் எல்லையையும் ஒப்பிட்டுச் சரியான கிளையைப் பிடியுங்கள். மற்றது, நொத்தாரிசால் தேடுவது: பெயர், ஆண்டு, உறுதி இலக்கம் தெரிந்தால் பிரதியையே கேட்கலாம்.

பிழைக்கும் இடம் ஊர்ப் பெயர். இன்றைய கிராம அலுவலர் பிரிவைச் சொன்னால் பழைய புத்தகத்தில் அகப்படாது. பழைய பதிவுகள் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி, தீவுப்பற்று என்ற பிரிவுகளையும் அவற்றுக்குள் கோவிற்பற்று என்ற சிறு பிரிவையும் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் ஊர் எந்தக் கோவிற்பற்றில் இருந்தது என்று முதலே அறிந்துகொண்டு போங்கள். அதோடு, பதியாத உறுதி செல்லாத உறுதி அல்ல. காணிப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நொத்தாரிசின் பிரதிகளுக்குள் இருக்கலாம்.

8. ஓலையில க, அ, எ எண்டு எழுத்துத்தான் கிடக்கு. ஆண்டு எங்க?

அந்த எழுத்துகள்தான் ஆண்டு. தமிழ் எண்களில் 1 க போலவும், 2 உ போலவும், 4 ச போலவும், 5 ரு போலவும், 6 சு போலவும், 7 எ போலவும், 8 அ போலவும் இருக்கும். ௧௮௭௨ என்றால் 1872. பழைய முறையில் இதையே ௲௮௱௭௰௨ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளோடு எழுதுவார்கள். ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. அதிகம் குழம்புவது 4, 6 இரண்டும்தான்.

ஓலையில் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலக் கிடக்கும். கரி, மஞ்சள், இலைச்சாறு பூசி எழுத்தைத் தெளிவாக்குகிறோம் என்று தொடங்காதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுத்தால் கீறல் நிழலோடு தெரியும். கடதாசி உறுதியைப் பிளாஸ்டிக் ஒட்டி மூடவும் வேண்டாம், பின்னர் பிரிக்க முடியாது.

9. சாதகத்தில ‘விகாரி வருஷம்’ எண்டு மட்டும் இருக்கு. எந்த ஆண்டு?

அறுபது ஆண்டுச் சுற்று. 1807, 1867, 1927 ஆகியவை பிரபவ. விகாரி 33ஆவது, ஆகவே 1839 அல்லது 1899. எது என்பதைப் பிள்ளைகளின் வயதால் தீர்க்கலாம். பெண் வழியில் ஒரு தலைமுறைக்கு 20 முதல் 25 ஆண்டு வைத்துப் பார்த்தால் தவறான சுற்று தானாக விழுந்துவிடும். சகாப்தம் கொடுத்திருந்தால் 78 கூட்டுங்கள். கலியுக ஆண்டென்றால் 3101 கழியுங்கள்.

இரண்டு பொறி இருக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். மார்கழி மாதத்தை நாள் பார்த்துத்தான் சொல்லலாம், அதன் பிற்பகுதி அடுத்த ஆண்டில் விழும். மற்றது, சாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். நள்ளிரவுக்குப் பிறகு, விடியமுன் பிறந்த பிள்ளைக்கு முந்திய நாளையே எழுதியிருப்பார்கள்.

10. கல்வெட்டுப் புத்தகத்தில பரம்பரை முழுக்க இருக்கு. அதை அப்பிடியே எடுக்கலாம்தானே?

இறந்தவரின் அந்தியேட்டிக்கு, 31ஆம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலில் இரண்டு பகுதியை வேறு வேறாக மதியுங்கள். திதி வெண்பா நம்பத்தக்கது. ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி பிழைத்தால் ஆண்டுத் திவசமே பிழைக்கும் என்பதால் கவனமாக எழுதுவார்கள். வரலாற்றுப் பகுதியில் இறந்தவருக்கும் அவரைப் பெற்றவருக்கும் உள்ளதை ஏற்கலாம். அதற்கு மேலே போனால் புலவரின் கைவண்ணம். கோபித்துக்கொண்டிருந்த சகோதரி, மறுதாரம், சாதி விட்டுச் செய்த கலியாணம் போன்றவை அங்கே இராது.

பெண்ணுடைய பெயரைத் தேடும்போது அவருடைய கல்வெட்டை மட்டும் பார்க்காமல், அவருடைய சகோதரரின், மருமக்களின் கல்வெட்டுகளையும் பாருங்கள். நூலகம் இணைய நூலகத்தில் நினைவு மலர்கள் ஏராளம் உண்டு, ஊர்ப் பெயரால் தேடலாம்.

11. எங்கட பூட்டி வேதக்காரி (கிறிஸ்தவப் பெண்). உடுவிலில படிச்சவ எண்டு சொல்லுவினம், ஆனா அந்தப் பேரில ஒருத்தரும் இல்லை.

பெயர் மாறியிருக்கும். அமெரிக்க மிசன் 1816இல் வந்து, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியது. பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளிகளின் பெயரையே அந்தப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஆகவே வீட்டில் வள்ளியம்மையாக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் அமெரிக்காவின் பாசுடனிலோ சேலத்திலோ இருந்த யாரோ ஒரு சீமாட்டியின் முழுப்பெயரோடு இருப்பார். சபைப் பதிவில் ஆங்கிலப் பெயர், உறுதியில் தமிழ்ப் பெயர் என்று இரண்டும் வேறு வேறாகக் கிடக்கும். இரண்டையும் இணைப்பது கணவர் பெயர். உடுவில் மாணவிகள் பலர் வட்டுக்கோட்டைச் செமினரியில் (1823 முதல் 1855) படித்தவர்களை மணந்தார்கள்.

பதிவு இன்று யாரிடம் என்பதை ஊர் தீர்மானிக்கும். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு, சாவகச்சேரி அமெரிக்க மிசன் இடங்கள். அவை 1947க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனம். நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் என்றால் அங்கிலிக்கன். யாழ் நகரமும் பருத்தித்துறையும் என்றால் மெதடிஸ்தமாக இருக்கலாம். அமெரிக்க மிசனின் தலைமைக் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையில் மரண, விவாகச் செய்திகளையும் பாருங்கள்.

12. கத்தோலிக்கரெண்டால்?

பங்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் புத்தகங்கள். சிலவற்றை இலத்தீனில் எழுதியிருப்பார்கள், பெயரின் ஈறு மாறியிருக்கும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெரும்பாலும் உறவுக்காரர். விவாகப் பதிவில் இரத்த உறவுக்கு விலக்குக் கொடுத்ததாகக் குறிப்பு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மணமக்கள் இருவருக்கும் எத்தனையாவது தலைமுறையில் பொது முன்னோர் என்பதைக் குருவானவரே கணக்குப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

13. ஒரே ஊரில மூண்டு சின்னாச்சி. எது எங்கட ஆச்சி?

பெயரைத் தனியே பார்க்காமல் ‘தகப்பன், புருஷன், காணி’ என்ற மூன்றோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பொருந்தாவிட்டால் ஒதுக்கி வையுங்கள். ஒரே பெண் கன்னியாக இருக்கையில் ‘கந்தர் மகள்’, பிறகு ‘வேலர் பெண்சாதி’, கடைசியில் ‘வேலர் விதவை’ என்று மூன்று ஆளாகத் தெரிவார். பேர்த்திக்கு ஆச்சியின் பெயரை வைப்பதால் தாய்வழியில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும். ஆங்கிலப் பதிவில் சகரத்தை எஸ் என்றும் சீ-எச் என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டு இடத்திலும் தேடுங்கள். மற்றது, சின்னாச்சி, சின்னப்பிள்ளை, ஆச்சிமுத்து என்பவை வீட்டுப் பெயராகவும் இருக்கலாம்.

14. பூட்டனும் பூட்டியும் மச்சான் மச்சாள். மரம் கீறச் சிக்குப்படுது.

சிக்குப்படத்தான் செய்யும். சொந்தத்துக்குள் கொண்டானும் கொடுத்தானும், இரு வீட்டுக்கும் மாறிச் செய்த கலியாணமும் சேர்ந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். மரமாகக் கீறாமல், ஆளுக்கு ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போடுங்கள்: எண், பெயர், தாய் எண், தகப்பன் எண், காணி, ஆதாரம். படம் பிறகு வரையலாம். மரபணுச் சோதனை செய்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். சொந்தத்துக்குள் பல தலைமுறை மணந்த குடும்பங்களில், சோதனை சொல்லும் ‘இரண்டாம் முறைச் சகோதரம்’ உண்மையில் இன்னும் தூரத்து உறவாயிருக்கும்.

15. உறுதி அறுந்து போச்சு. கோட்டு வழக்குகளில ஏதும் கிடைக்குமா?

கிடைத்தால் உறுதியை விட நல்லது. பங்குபிரிப்பு வழக்குக்கான சட்டம் 1863இலிருந்து உண்டு. காணியைப் பங்குபிரிக்கக் கேட்பவர் மூல உரித்தாளியிலிருந்து தன் வரைக்கும் வம்சாவளியை எழுதிக் கொடுக்கவேண்டும். பெண்பிள்ளை யார், அவருக்குச் சீதனம் கொடுத்ததா, பிள்ளையில்லாமல் இறந்தாரா என்பதெல்லாம் அதில் வரும். 1920களில் நடந்த வழக்கு 1830களில் பிறந்தவரைத் தொடும். எதிராளி வேறொரு வம்சாவளி கொடுத்திருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கு பெருகும்படிதான் சொல்வார். இருவரும் ஒத்துக்கொண்ட இடம்தான் கெட்டி. மரணசாதன வழக்குகளிலும் உரித்தாளிகள் பட்டியல் உண்டு. மேன்முறையீட்டுக்குப் போன தேசவழமை வழக்குகள் அச்சான தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கின்றன.

16. எங்கட ஆக்களுக்குக் காணியே இருக்கேல்லை. உறுதி, சீதனம் எண்டு சொன்னா எங்களுக்கு வழி இல்லையா?

வழி குறுகலானது, இல்லையென்றில்லை. தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. 1818இல் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதியும் ஒழுங்கு வந்தது. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் உடைமையாளரின் கையால், உடைமையாளரின் வசதிக்காக எழுதப்பட்டவை. அதனால் தேடும்போது உங்கள் பூட்டியின் பெயரோடு, அவர் குடியிருந்த காணிக்காரரின் பெயரையும் வைத்துத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்கவேண்டும். ஆரம்பகாலச் சீதன ஓலைகளில் காணிக்கும் நகைக்கும் அடுத்த வரியில் ஆட்களின் பெயர் வருவதைக் கண்டால் அதிர்ச்சியடையவேண்டாம், அந்த வரியைப் பிரதி பண்ணுங்கள். சிலருக்கு முன்னோரின் பெயர் எழுத்தில் வரும் ஒரே இடம் அது.

மிசன் பள்ளிகளின் சேர்வுப் பதிவுகள், ஞானஸ்நானப் புத்தகங்கள், 1897க்குப் பிந்திய பிறப்புப் பதிவுகள் காணி கேட்பதில்லை. 2ஆம் கேள்வியில் சொன்ன வழி இங்கே முதன்மையாகிறது. குடிசன மதிப்பை நம்பவேண்டாம். 1871இலிருந்து எடுத்ததுதான், ஆனால் அச்சான அறிக்கைகளில் தலைக்கணக்கு மட்டுமே, பெயர் இல்லை.

17. கிழடுகளிட்டக் கேட்டால் வாய் திறக்கினம் இல்லை. காணி கேட்க வந்தவன் எண்டு நினைக்கினம்.

நினைப்பதில் தப்பில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பழைய உறுதி கேட்பவரை ஊர் வேறெப்படி நினைக்கும்? முதல் நாள் உறுதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். படம் கொண்டுபோங்கள், பெயர் கேளுங்கள். பிறந்த ஆண்டு கேட்டால் தெரியாது என்பார்கள். ‘ஆர் மூப்பு?’, ‘அவ உங்களுக்கு என்ன முறை?’, ‘அவவின்ர செத்தவீட்டுக்கு ஆர் கொள்ளி வைச்சது?’ என்று கேட்டால் வரும்.

இன்னொரு கேள்வி மிகவும் உதவும்: ‘எங்களோட துடக்குக் காக்கிற ஆக்கள் ஆர்?’ எந்த வீட்டுச் சாவுக்கு எந்த வீடு துடக்கு (தீட்டு) என்பதை ஊரில் யாரும் கற்பனை பண்ணிச் சொல்வதில்லை. அது ஆண் வழிப் பங்காளிகளைத் தரும். பெண் வழிக்கு, அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள் யார், எடுத்தவர்கள் யார் என்று அடுத்துக் கேளுங்கள்.

18. இணையத்தில ஒருத்தர் எங்கட பரம்பரையைச் சங்கிலி மன்னன் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். சேர்க்கலாமா?

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. நொத்தாரிசு உறுதிகள் ஒழுங்காகத் தொடங்குவது 1840இல். இடையில் இருநூற்றுச் சொச்சம் ஆண்டு, எட்டு ஒன்பது தலைமுறை. அதில் ஒவ்வொரு படிக்கும் என்ன ஆதாரம் என்று அவரிடம் கேளுங்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் (அவர்கள் ஆண்டது 1658 முதல் 1795 வரை) காணியின் பெயரும் உடையவர் பெயரும் வந்தால் அது பேசத்தக்க ஆதாரம். பழைய உறுதியில் தோம்புப் பெயர் குறித்திருந்தால் அதை வைத்துத் தொடரலாம். தோம்பில் பெண்கள் குறைவாகவே தெரிவார்கள், ஆகவே பெண் வழி அங்கே போய்ச் சேருவது அருமை.

ஆதாரமில்லாத படிகளைப் பட்டியலில் வேறு நிறத்தில் வையுங்கள், அழிக்கவேண்டாம். அடுத்த பங்குபிரிப்பு வழக்குக் கோவையில் அதில் ஒரு பெயர் அகப்படலாம். உயிரோடு இருப்பவர்களின் திகதியையும் காணி விபரத்தையும் பொதுவில் போடாமல், 1900க்கு முந்தியவற்றை மட்டும் வெளியிடுங்கள்.